ஞாயிறு விருந்தில் கற்ற பாடம்



ஆசிரியர் நாளை முன்னிட்டு என் மகள் எனக்கு விருந்து தர விரும்பினாள். அவள் வேலையில் சேர்ந்து ஆறு மாதங்களே ஆகின்றன. "ஞாயிற்றுக்கிழமை யாரும் வீட்டில் பசியாற வேண்டாம். பாட்டியையும் அழைத்துக்கொண்டு புக்கிட் பிந்தாங்கில் ஒரு ஓட்டலுக்குப் பிரஞ்ச் சாப்பிடப் போகிறோம்" என்றாள். "பிரெஞ்சுக்காரன் சாப்பாடு நமக்கு ஒத்துக்குமா?" என்று என் அம்மா கேட்க, வீடே சிரித்தது.

பிரெஞ்சு நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. காலை உணவுக்கும் நண்பகல் உணவுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டியதே இந்தச் சொல். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருப்போர், ஞாயிறன்று தாமதமாக எழுந்து இரு வேளை உணவையும் ஒன்றாக உண்ணலாமே என்று 1895-ஆம் ஆண்டில் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரையில் பரிந்துரைத்தார். இதை அம்மாவுக்கு விளக்கினேன். "அட, இதைத்தானே நாங்க தோட்டத்துல தினமும் செஞ்சோம்!" என்றார்.

உண்மைதான். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் காட்டுக்குள் நுழைந்து, மரங்களை வெட்டி முடித்து, பால் வடிந்து மங்கு நிறையும்வரை காத்திருக்கும் இடைவெளியில்தான் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். அது காலை உணவா, பகல் உணவா என்று எவரும் பெயர் வைக்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு உணவகத்திற்குள் நுழைந்தோம். பளிங்குத் தரை, உயர்ந்த கண்ணாடிச் சுவர்கள், மெல்லிய பியானோ இசை. ஒருபுறம் பனிக்கட்டி மேல் அடுக்கிய சிப்பிகள், மறுபுறம் பாலாடைக்கட்டிகள், இன்னொரு மூலையில் நம்ம ஊர் நாசி லெமாக்கும் லக்சாவும். ஒருவருக்கு இருநூறு வெள்ளிக்கு மேல்! போதாததற்கு விலையை அடுத்து இரண்டு கூட்டல் குறிகள். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம்; மற்றொன்று 6 விழுக்காடு சேவை வரி. கணக்கு ஆசிரியையின் மனம் சும்மா இருக்குமா? பெருக்கிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மகளின் முகத்தில் இருந்த பூரிப்பைக் கெடுக்க விருப்பமில்லை.

அம்மாவுக்கு முட்டை என்றால் விருப்பம். அவரை அழைத்துக்கொண்டு முட்டை சமைத்துத் தரும் முகப்புக்குச் சென்றேன். வெள்ளை அங்கி அணிந்த இளைஞர் ஒருவர், கொதிநிலையைத் தொடாத நீரில் சிறிது வினிகர் விட்டு, கரண்டியால் மெல்லச் சுழற்றி, முட்டையை உடைத்து நழுவவிட்டார். வெள்ளைக்கரு ஒரு பட்டுத்துணிபோல் மஞ்சள்கருவைச் சுற்றிக்கொண்டது. மூன்று நிமிடம் கழித்து அதை எடுத்து, வட்ட ரொட்டியின்மேல் வைத்து, மஞ்சள்கருவும் வெண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்த குழைவை ஊற்றினார். சூடு சற்றுக் கூடினாலும் அந்தக் குழைவு திரிந்துவிடுமாம்.

தட்டை நீட்டியவர் என்னை உற்றுப் பார்த்தார். "டீச்சர்... என்னைத் தெரியுதா?"

பெயரைச் சொன்னதும் நினைவு வந்தது. 2009-ஆம் ஆண்டு, ஆறாம் ஆண்டு வகுப்பு. கடைசி வரிசை, சன்னலோர நாற்காலி. பின்னம் என்றாலே தலையைக் கவிழ்த்துக்கொள்ளும் பையன். மகிழ்ச்சியில் அவன் கையைப் பற்றிக்கொண்டேன். ஐந்தாம் படிவம் முடித்து ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்ததையும், பின்னர் சமையற்கலை பயின்று மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை பெற்றதையும் சொன்னான். இருபது பேருக்கான அளவை நூற்றைம்பது பேருக்கு மாற்றும் கணக்கை இப்போது மனத்திலேயே போட்டுவிடுவானாம்.

"முதல்ல என்ன வேலை பாத்தீங்க தம்பி?" என்று அம்மா கேட்டார்.

அவன் சிரித்தான். "மேசை துடைச்சேன் பாட்டி. டீச்சர் அப்பவே சொன்னாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆம், சொல்லியிருக்கிறேன். தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, நாற்பது பேர் முன்னிலையில் சொன்னேன்: "இப்படியே இருந்தால் கடையில் மேசை துடைக்கத்தான் போவாய்!" வகுப்பே சிரித்தது. அவனுக்கு ரோசம் வரட்டும் என்று சொன்னதாகவே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன்.

"அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாதுப்பா" என்றேன்.

"பரவாயில்ல டீச்சர். என்னைச் சொன்னது ஒண்ணுமில்ல. அப்போ எங்கம்மா சாப்பாட்டுக்கடையில மேசை துடைச்சிக்கிட்டு இருந்தாங்க. அதான் கொஞ்ச நாள் மனசுல இருந்துச்சு." அவன் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அடுத்த விருந்தினர் வந்து நின்றதும் முட்டையை எடுக்கத் திரும்பிவிட்டான்.

மேசைக்கு வந்து அமர்ந்தேன். இருநூறு வெள்ளி உணவு தொண்டையில் இறங்கவில்லை. என் பள்ளி நாளில் ஓர் ஆசிரியர் என்னிடம், "படிக்காவிட்டால் உன் அம்மாவைப்போல் மரம்தான் வெட்டுவாய்" என்றார். அன்றிரவு நான் அழுதது மரம் வெட்ட வேண்டுமே என்ற அச்சத்தால் அன்று. அம்மாவைச் சொல்லிவிட்டாரே என்ற வேதனையால். அந்த அம்மாவோ எதிரில் அமர்ந்து, "பக்குவமா வேக வச்சிருக்கான்" என்று சுவைத்து உண்டுகொண்டிருந்தார். எனக்கு வலித்த அதே வாக்கியத்தை, தொழிலை மட்டும் மாற்றி, நான் எப்படி இன்னொரு பிள்ளையிடம் சொன்னேன்?

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! பிள்ளை படிக்க வேண்டும் என்ற தவிப்பில் சொல்கிறோம்: குப்பை அள்ளுவாய், லாரி ஓட்டுவாய், தட்டு கழுவுவாய் என்று. அந்த வகுப்பில் லாரி ஓட்டுநரின் மகள் அமர்ந்திருக்கிறாள். துப்புரவுப் பணியாளரின் மகன் அமர்ந்திருக்கிறான். அவர்கள் கொண்டுவரும் பையும் காலணியும் அந்த உழைப்பில் வாங்கியவை. 'உன் தாய் செய்வது இழிவான வேலை' என்பதைத்தான் அந்தப் பிள்ளை நம் வாயிலிருந்து கேட்கிறது.

புறப்படும்போது மீண்டும் அவனிடம் சென்றேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். வேலையை விட்டு வீட்டில் ஓய்வாக இருக்கிறாராம். "நான் விசாரித்ததாகச் சொல்" என்றேன். "கட்டாயம் சொல்றேன் டீச்சர்" என்றான்.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் மூன்றாவது முறையாக வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து நின்றான். பழைய வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எந்தக் கணக்கில் நின்றுபோனாய்? காட்டு, பார்ப்போம்" என்றேன்.