காதும் காதும்

மார்கழி மாதம். விடியற்காலை ஐந்தரை மணி. கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர் குளித்துவிட்டு, பட்டையாக விபூதி பூசிக்கொண்டு, அமெரிக்க மகன் வாங்கித் தந்த புது ப்ளூடூத் ஸ்பீக்கரை ஆன் பண்ணுகிறார். திருவெம்பாவை வரவேண்டிய இடத்தில் வந்தது, தெருவையே எழுப்பும் ஒரு குத்துப்பாட்டு!

மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த நான், 'என்னடா இது, ஹெட்ஃபோனில் சத்தமே வரலையே' என்று பிளேயரில் வால்யூமைக் கூட்டினேன். கீழே குத்து உச்சத்துக்குப் போனது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். ஹவுஸ் ஓனரின் மனைவி ''முருகா!'' என்று அலறிய பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. குற்றவாளி நான்தான். கூட்டாளி, என் பாக்கெட்டில் இருந்த தீப்பெட்டி சைஸ் அடாப்டர்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய ஐபாட் கிளாஸிக் இருக்கிறது. 2009-ல் முதல் சம்பளத்தோடு கொஞ்சம் கடனும் சேர்த்து வாங்கியது. கம்பெனிக்காரர்கள் 2014-லேயே அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். 2022-ல் ஐபாட் என்ற வம்சமே முடிந்துபோனது. என்னுடையது மட்டும் இன்னும் ஓடுகிறது. ''போன்லயே எல்லாப் பாட்டும் வருதே, இந்தச் செங்கல்லை எதுக்குச் சுமக்கறீங்க?'' என்பாள் என் சகதர்மிணி. காரணம் ரொம்ப சிம்பிள். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகிற ஒரு மணி நேரத்தில் அந்தச் செங்கல்லுக்கு மானேஜர் போன் பண்ண முடியாது.

அதில் ப்ளூடூத் கிடையாது. ஹெட்ஃபோன் ஒயரோ, மின்சார ரயில் கூட்டத்தில் யாரோ ஒருவருடைய டிபன் கேரியரில் மாட்டி மாதம் ஒருமுறை அறுந்துவிடும். ''ஒரு அடாப்டர் வாங்கி மாட்டுங்க சார், ஒயரில்லா ஹெட்ஃபோன்லயே கேக்கலாம்'' என்றான் ஆபீஸ் பையன் ஒருவன். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ''ப்ளூடூத் அடாப்டர்'' என்று கேட்டேன். கொடுத்தார்கள். வீட்டில் மாட்டினேன். ஒரு மணி நேரம் இரண்டும் லைட்டை மினுக்கிக்கொண்டே இருந்தன. சத்தம் மட்டும் இல்லை.

மறுநாள் அந்தப் பையன் பார்த்துவிட்டுச் சிரித்தான். ''சார், நீங்க வாங்கினது ரிசீவர். காரில், பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டறது. அது சத்தத்தை வாங்கிக்கும், அனுப்பாது. உங்க ஹெட்ஃபோனும் வாங்கிக்கற ஜாதிதான். ரெண்டு பேருமே காது சார், வாயே இல்லை! அடுத்தவன் ஆரம்பிக்கட்டும்னு ரெண்டும் காத்துக்கிட்டே இருக்கும்.''

இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வையுங்கள்.

வேண்டியது டிரான்ஸ்மிட்டர். வாங்கும்போது அட்டையில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹெட்ஃபோன் ஓட்டையில் செருகினால் பாட்டை வாங்கி எண்களாக மாற்றி, சுருக்கி, 2.4 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அனுப்பும். ஒரே அலைவரிசையில் நிற்காது. 79 சேனல்களுக்குள் வினாடிக்கு 1600 தடவை வரை தாவிக்கொண்டே இருக்கும். இரைச்சலுக்குத் தப்பிக்கிற வித்தை. தாவும் அலைவரிசைக்கு 1942-லேயே பேடன்ட் வாங்கியவர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். கூட்டாளி ஓர் இசையமைப்பாளர். நம்ம ஊரில் நடிகையும் இசையமைப்பாளரும் சேர்ந்து செய்தியானால் அது வேறு மாதிரிச் செய்தி!

ஒரே சிக்கல், அடாப்டருக்குத் திரை கிடையாது. 'யாரோடு சேரட்டும்?' என்று கேட்கத் தெரியாது. பேரிங்கில் போட்டால், பக்கத்தில் எது காலியாக நிற்கிறதோ அதன் கையைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்குக் காலையில் என் ஹெட்ஃபோனுக்கு முன்னால் மாட்டியது ஹவுஸ் ஓனர் ஸ்பீக்கர். ஆகவே சேர்க்கும்போது மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, சேர வேண்டிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிளேயரில் வால்யூம் முக்கால்வாசி போதும். முழுக்க வைத்தால் சத்தம் கரகரக்கும். பாட்டுக்கு இது போதும். சினிமாவுக்குச் சரிப்படாமல் போகலாம். சத்தம் கொஞ்சம் பிந்தி வருவதால் கதாநாயகன் வாயை மூடிய பிறகு வசனம் கேட்கும்.

இந்தக் கூத்து நடந்த அடுத்த வாரம் அப்பா வந்தார். கேட்டராக்ட் ஆபரேஷனுக்காக, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து.

எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் நேரடியாகப் பேசிக்கொண்டதே கிடையாது. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான். ''அப்பாகிட்ட சொல்லிரும்மா'' என்பேன் நான். ''அவன்ட்ட கேட்டியா?'' என்பார் அவர். எல்லாம் அம்மா வழியாகத்தான் போகும், வரும். 2021-ல் அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் போனில் ''சாப்டாச்சா?'', ''ஆச்சு'', ''வச்சிரட்டா?''. மொத்தம் பன்னிரண்டு செகண்ட். இரண்டு பேருமே காது. அடுத்தவன் ஆரம்பிக்கட்டும் என்று காத்துக்கொண்டே இருப்போம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பேப்பர் இல்லை, டி.வி. இல்லை. பாட்டுப் போடலாம் என்றால் அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம், சத்தமாக வைக்கணும். உள்ளே மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை. நான் எதிரே உட்கார்ந்து அடாப்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன், என்ன பேசுவது என்று தெரியாமல்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2010-ல் அம்மா ஒரு பை நிறைய கேசட் கொடுத்து, ''இதையெல்லாம் உன் மெஷின்ல ஏத்திருடா, அப்பாவுக்குப் பிடிச்சது. கேசட்டு பூசணம் பிடிக்குது'' என்றிருந்தாள். அத்தனையும் நாதஸ்வரம். காருகுறிச்சி அருணாசலம், ராஜரத்தினம் பிள்ளை. ஏற்றியதோடு சரி, நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என் அடாப்டரில் இரண்டு ஹெட்ஃபோனை ஒரே நேரத்தில் சேர்க்கலாம். எல்லா மாடலிலும் இந்த வசதி இருக்காது. இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 1979-ல் வந்த முதல் சோனி வாக்மேனிலேயே ஹெட்ஃபோன் செருக இரண்டு ஓட்டைகள் உண்டு. தனியாகக் கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று அதன் தலைவர் அகியோ மோரிட்டா நினைத்தார். கூடவே ஓர் ஆரஞ்சு பட்டன். அதை அமுக்கினால் பாட்டு அடங்கி, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். ஜனங்கள் என்னவோ தனியாகக் கேட்கத்தான் ஆசைப்பட்டார்கள். பிறகு இரண்டாவது ஓட்டையும் போயிற்று, பட்டனும் போயிற்று.

அப்பா தலையில் மகளுடைய ஹெட்ஃபோனை மாட்டினேன். ''என்னதுடே இது, ஒயரு எங்க?'' என்றார். என்னுடையதை நான் மாட்டிக்கொண்டு தோடியைப் போட்டேன்.

அப்பாவின் விரல் நாற்காலிக் கைப்பிடியில் அசைய ஆரம்பித்தது. இரண்டும் வேறு வேறு கம்பெனி ஹெட்ஃபோன், அதனால் என் காதுக்கு ஒரு இமைப்பொழுது பிந்தித்தான் வந்தது. அப்பா தலை ஆடும். அப்புறம்தான் எனக்கு அந்த இடம் வரும். இதுவரை அவரை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் தைரியமாகப் பார்த்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். நல்ல உச்சத்தில் சத்தம் நின்றுவிட்டது. அடாப்டரில் சார்ஜ் காலி. நேற்று ராத்திரியே போட்டிருக்கவேண்டும், மறந்துபோயிருந்தேன்.

அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

''எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும்டே. காருகுறிச்சியார் வாசிக்காருன்னு பக்கத்தூருக்கு எங்கய்யாகூட நடந்து போனேன். போற வழியெல்லாம் மனுசன் ஒரு வார்த்தை பேசல. விடியக் கச்சேரி முடிஞ்சு திரும்பி வாறோம்... வீடு வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாரு.''

''என்ன பேசினார்?'' என்றேன். அம்மாவை நடுவில் வைக்காமல் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அப்பா சொல்ல ஆரம்பித்தார். நடுவில் அடாப்டரின் சிவப்பு லைட் கண்ணில் பட, சார்ஜரை எடுக்கலாம் என்று எழுந்தேன்.

''அது கெடக்கட்டும்டே'' என்றார். ''உக்காரு.''