பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆள்

கர்நாடகத்தின் கிராம பஞ்சாயத்து அலுவலகங்களில் சுவரோரம் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தலைமுடி அளவு கண்ணாடி இழையைச் சுமந்துகொண்டு ஒரு கேபிள் அதற்குள் நுழையும். பாரத்நெட் திட்டத்தின் கடைசி முனை அது. பெங்களூருவைச் சுற்றிய ஊர்களில் நான் பார்த்தவரை, சில இடங்களில் அதை நம்பிச் சான்றிதழ், பென்ஷன் வேலையெல்லாம் ஓடுகிறது. சில இடங்களில் அதன் விளக்கே எரிவதில்லை. ஒரே பெட்டி, ஒரே கேபிள், ஒரே திட்டம். பிறகு ஏன் ஊருக்கு ஊர் இந்த வேறுபாடு? கிராமத்தைத் தொலைத்தொடர்போடு இணைக்கும் எண்ணம் எங்கே வேர்விட்டது என்று தெரிந்தால், எங்கே வாடியது என்பதும் தெரியும் என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கிடைத்தது 2011 அக்டோபர். சுமார் 2.5 லட்சம் கிராம பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோக மத்திய அமைச்சரவை அன்று ஒப்புதல் தந்தது. ஒன்றியத் தலைமையிடம் வரை பெரும்பாலும் பி.எஸ்.என்.எல். கேபிள் ஏற்கெனவே இருந்தது. அங்கிருந்து பஞ்சாயத்து வரை புதிதாகப் புதைக்க வேண்டும். ராஜஸ்தானின் அராய்ன், திரிபுராவின் பானிசாகர், ஆந்திரத்தின் பரவாடா ஆகிய மூன்று ஒன்றியங்களில் 2012இல் வெள்ளோட்டம் நடந்தது. 2015இல் திட்டத்துக்குப் பாரத்நெட் என்று பெயர் மாறியது.

ஆனால் அந்தப் பெட்டியின் கதை அதைவிடப் பழையது. அதில் இருப்பது ஜிபான் என்ற தொழில்நுட்பம். ஒன்றியத்திலுள்ள கருவியிலிருந்து கிளம்பும் ஒளியை வழியிலுள்ள ஒரு பிரிப்பான் பல கிளைகளாகப் பிரித்து ஊர்களுக்கு அனுப்புகிறது. 20 கிலோமீட்டர் வரை போகலாம். பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டாம். கரண்ட் நிலையில்லாத நாட்டுப்புறத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைப்பது அரிது. திட்டத்தில் பயன்பட்ட இந்தத் தொழில்நுட்பத்தை இங்கேயே உருவாக்கிப் பல தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது சி-டாட் என்ற அரசு ஆய்வு நிறுவனம். அதன் பெங்களூரு மையம் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறது. அந்தப் பெயர்தான் என்னை 1984க்கு இழுத்துச் சென்றது.

1980 வாக்கில் சுமார் 70 கோடி மக்களுக்கு இந்தியாவில் இருந்தவை ஏறக்குறைய 25 லட்சம் தொலைபேசிகள். அவற்றிலும் பெரும்பகுதி நகரங்களில். இந்த நிலையை மாற்ற 1984 ஆகஸ்டில் சி-டாட் பிறந்தது. சாம் பிட்ரோடா, ஜி.பி. மீமாம்சி போன்றோரின் முனைப்பு அது. 36 மாதம், 36 கோடி ரூபாய் என்று கணக்கு. டெல்லியிலும் பெங்களூருவிலும் இளம் பொறியாளர்கள் உட்கார்ந்தார்கள்.

பெங்களூருவுக்கு இந்த வேலை புதிதல்ல. 1948இலேயே இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் இங்கே தொடங்கிவிட்டது. நகரின் கிழக்கே கே.ஆர். புரம் பக்கம் தூரவாணி நகர் என்ற குடியிருப்பே அதைச் சுற்றி எழுந்தது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தமிழரைச் சந்தித்தேன். பூர்வீகம் வேலூர்ப் பக்கம்.

"சி-டாட்காரங்க கிராமத்துச் சின்ன எக்ஸ்சேஞ்சுல தொடங்கணும்னு ஏன் சார் நினைச்சாங்க?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு முதல்ல ஏசி ரூம் கட்டணும் தம்பி. நம்ம கிராமத்துல ஃபேன் சுத்தவே கரண்ட் கிடையாது. ஊரை மாத்த முடியுமா? மெஷினைத்தான் மாத்தணும்" என்றார் அவர்.

என் தேடலில் கிடைத்த முதல் வேர் இதுதான். ஏசி இல்லாமல், வெயிலிலும் தூசியிலும் ஓடுவதற்கென்றே 128 முனைகள் கொண்ட கிராமத் தானியங்கி எக்ஸ்சேஞ்சை சி-டாட் வடிவமைத்தது. 1986 ஜூலையில் அது முதன்முதலாக இயங்கிய ஊர் கித்தூர். தார்வாடுக்கும் பெலகாவிக்கும் நடுவே, ராணி சென்னம்மா 1824இல் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற அதே கித்தூர். தலைநகரில் காட்டிப் பெருமைப்படாமல் நேராக ஒரு சிற்றூரில் கொண்டுபோய்ச் சோதித்தார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏறக்குறைய 5,000 பேர் வாழ்ந்த ஓர் ஊருக்குத் தொலைபேசி வந்தபின் வியாபாரமும் வங்கி வைப்புத்தொகையும் கூடியதைப் பிட்ரோடா 1993இல் ஒரு கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டாவது வேர் எஸ்.டி.டி. பூத். அதை நடத்தியவர் அரசு ஊழியர் அல்ல; அந்தத் தெருக்காரர். பூத் ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தந்தார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் பூத்காரருக்குக் கமிஷன் உண்டு. லைன் செத்துப்போனால் அன்றைய வருமானம் போச்சு. அதனால் அதிகாரி வரும்வரை காத்திராமல் எக்ஸ்சேஞ்சுக்கு அவரே ஓடினார்.

இணையம் வந்தபோது இந்த இரண்டு வேர்களையும் சேர்த்துப் பிடிக்க முயன்ற இடம் நம் மதுரை மாவட்டத்து மேலூர். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம், பேச்சோடு இணையத்தையும் தந்தது. கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை எட்டும். வேகம் 35 அல்லது 70 கேபிபிஎஸ். 2001 முதல் மேலூர்ப் பகுதியில் ஊர்க்காரர்களே இணைய மையம் நடத்தினார்கள். ஆனால் சில ஆண்டுகளில் பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, செலவுக்கேற்ற வருமானம் வராததை முக்கியக் காரணமாகச் சொல்கிறது. முன்பே கணினிப் பயிற்சி பெற்றவர்கள் நடத்திய மையங்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தன என்றும் அது காட்டுகிறது.

இதைப் படித்தபின் எனக்கு விளங்கிற்று. பாரத்நெட் முதல் வேரைக் காப்பாற்றியது, இரண்டாவதைக் கைவிட்டது. எத்தனை கிலோமீட்டர் பள்ளம் தோண்டினோம், எத்தனை பஞ்சாயத்தில் பெட்டி மாட்டினோம் என்று எண்ணினார்கள். சாலை அகலப்படுத்தும் ஜேசிபி கேபிளை அறுத்தால் யார் வயிறு எரியும் என்று கேட்கவில்லை. போதாக்குறைக்குக் கேபிள் ஒரே நேர்கோட்டில் போனதால், ஓர் இடத்தில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் துண்டிக்கப்பட்டன.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட திட்டம் 1,39,579 கோடி ரூபாய் செலவில் இதைச் சரிசெய்யப் பார்க்கிறது. கேபிள் இனி வளையமாகப் போகும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழி உண்டு. பராமரிப்புக்கு 10 ஆண்டு ஒப்பந்தம். உத்யமி என்ற உள்ளூர்த் தொழில்முனைவோர் வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்து வருமானத்தில் பாதியைப் பெறும் ஏற்பாடும் இருக்கிறது. பழைய பூத்காரர் திரும்பி வருகிறார் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் மேலூர் தந்த பாடத்தை மறந்தால் அவரும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். பங்கு தருவது மட்டும் போதாது. பயிற்சி வேண்டும், முதல் சில ஆண்டுகளுக்குத் தாங்கிப்பிடிக்கும் பணம் வேண்டும், பங்குத்தொகை மாதந்தோறும் கைக்கு வர வேண்டும். கித்தூரில் ஊருக்கு ஏற்றபடி இயந்திரத்தைச் செய்தார்கள். அதே அக்கறையோடு, அதை நடத்தும் ஆளின் பிழைப்பையும் ஊருக்கு ஏற்றபடி நாம் வகுக்க வேண்டும். உங்கள் ஊர் கிராம சபையில் கேபிள் எப்போது வரும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அறுந்தால் ஓடிவரப் போகிறவர் யார், அவருக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும் என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் இருக்கும் ஊரில்தான் அந்தப் பெட்டியின் விளக்கு எரியும்.