முதல் ஊர் எது?

மே மாதத்தின் கடைசித் திங்கள் நெருங்கினால் என் அலுவலக நண்பர் ஒருவருக்குத் தலைகால் புரியாது. அவர் நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூ ஊர்க்காரர். போரில் மாண்ட வீரர்களை நினைவுகூரும் அமெரிக்க விடுமுறை நாளான ‘மெமோரியல் டே’ பிறந்தது தங்கள் ஊரில்தான், 1866 மே 5 அன்று ஊரே திரண்டு உள்நாட்டுப் போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்குப் போனது, மருந்துக்கடைக்காரர் ஹென்றி வெல்ஸின் யோசனை அது என்று ஆண்டு தவறாமல் ஒப்பிப்பார். மறுத்துப் பேசினால், “1966ல ஜனாதிபதி ஜான்சனே கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் என்ன?” என்பார். நூறு வருஷம் கழித்து வாங்கிய பிறப்புச் சான்றிதழ். அதுதான் எனக்கு உறுத்தியது.

தேடப் போனால் ஊருக்கு ஊர் ‘நாங்கள்தான் முதல்’ என்கிறார்கள். பென்சில்வேனியாவின் போல்ஸ்பர்க் 1864 என்கிறது. ஜார்ஜியாவில் ஒரு கொலம்பஸ், மிசிசிப்பியில் ஒரு கொலம்பஸ். இரண்டும் 1866 ஏப்ரல், ஒரு நாள்தான் முன்பின். வாட்டர்லூ விழாவே 1868இல்தான் நடந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. இதைச் சொன்ன அன்று நண்பர் தனியாகச் சாப்பிடப் போய்விட்டார்.

மூட்டை கட்டிவிடலாம் என்றிருந்தபோது வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் எழுதியது கிடைத்தது. 1990களில் ஹார்வர்டு நூலகத்தில் பழைய போர்வீரர்களின் காகிதங்களைப் புரட்டுகையில், 1865 மே 1 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி பற்றிய குறிப்பு அவர் கையில் சிக்கியிருக்கிறது.

அங்கே உள்நாட்டுப் போரின்போது குதிரைப் பந்தயத் திடலைத் தென் மாநிலங்களின் படையினர் சிறையாக்கியிருந்தார்கள். வெட்டவெளியில் கிடந்து, நோயில் மாண்ட வடபடையினர் 257 பேரை நடுவர் மேடைக்குப் பின்னால் மொத்தமாகப் புதைத்துவிட்டார்கள். சார்ல்ஸ்டன் வடபடையின் கைக்கு வந்ததும் கறுப்பினத் தொழிலாளர்கள் 28 பேர் அவர்களைத் தோண்டியெடுத்துத் தனித்தனியாக அடக்கம் செய்து, சுற்றிலும் வேலி அடைத்து வெள்ளையடித்தார்கள். நுழைவு வளைவில் ‘பந்தயத் திடல் தியாகிகள்’ என்று எழுதினார்கள். மே 1 அன்று சுமார் 10,000 பேர் கூடினார்கள். பெரும்பாலோர் அதுவரை அடிமைகளாக இருந்தவர்கள். முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் 3,000 பேர், கைநிறைய ரோஜாவோடு பாடிக்கொண்டு. எல்லாம் முடிந்து புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இந்த நாளில் பார்பிக்யூ போடுகிறவர்களை முறைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. இதைப் படித்ததும் விட்டுவிட்டேன்.

பத்தாயிரம் பேர் கூடிய நாளை ஊர் எப்படி மறக்கும்? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். இப்படி ஒன்று நடந்ததா என்று 1916இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒருவர் சார்ல்ஸ்டனுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். தென்படை வீரர்களின் நினைவைப் போற்றும் மகளிர் சங்கத்து அம்மையார், அதிகாரபூர்வத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்று பதில் போட்டுவிட்டார். 51 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன! ரோஜா ஏந்திய பிள்ளைகளில் சிலராவது அறுபதைத் தொட்டு அதே ஊரில் இருந்திருப்பார்கள். அவர்களைக் கேட்கத் தோன்றவில்லையா, தோன்றியும் வேண்டாமென்று விட்டாரா? அதற்குள் உடல்களும் அங்கே இல்லை. போஃபர்ட் தேசியக் கல்லறைக்கு மாற்றிவிட்டார்கள். திடல் பூங்காவாகி, தென்படைத் தளபதி வேட் ஹாம்ப்டனின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

நண்பரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “சரி, அதைப் பார்த்துத்தான் லீவு விட்டாங்களா?” என்றார். நியாயமான கேள்வி. 1868 மே 30 அன்று நாடெங்கும் கல்லறைகளுக்கு மலர் வைக்கச் சொன்னவர் ஜெனரல் ஜான் லோகன். அதற்குச் சார்ல்ஸ்டன் தூண்டுதல் என்று காட்டத் தன்னிடம் ஆதாரமில்லை என்று பிளைட்டே சொல்லியிருக்கிறார். நண்பருக்கு முகமெல்லாம் சிரிப்பு. முதலிடத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். நான் இப்போது தேடுவது அந்த 28 பேரின் பெயர்களை.