பச்சைப் புள்ளி மட்டும் போதாது

முட்டை இல்லாத கேக் என்றால் யாருக்கும் கொடுக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். பச்சைப் புள்ளி, அது சைவம் என்று மட்டுமே சொல்கிறது. பாலும் அதில் அடக்கம். முட்டைக்குப் பதிலாகப் பெரும்பாலும் கண்டென்ஸ்டு மில்க்கோ தயிரோதான் சேர்க்கிறார்கள்.

என் பேரனுக்குப் பால் ஆகாது. தயிர் பட்டாலே உதடு வீங்கிவிடும். அவன் பிறந்தநாளுக்காகக் குமணன்சாவடியிலிருந்து பூந்தமல்லி வரை பேக்கரி பேக்கரியாகக் கேட்டேன். "எக்லெஸ் இருக்கு சார், தைரியமா கொடுங்க" என்றார்கள்.

பாக்கெட் கேக்கில் பால், முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை, முந்திரி போன்றவை இருந்தால் தனியாக அச்சிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கடைசியில் மருமகள் வீட்டிலேயே செய்தாள். ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி கோகோ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, சிட்டிகை உப்பு. இதில் ஒரு கப் தண்ணீர், கால் கப்புக்குச் சற்று அதிகமாக எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர். சோடாவும் வினிகரும் சேர்ந்ததும் நுரைக்கும். அந்த வாயுதான் கேக்கை உப்ப வைக்கிறது. அதனால் கலந்தவுடன் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். வெண்ணெய் தடவிய தட்டு, பால் பட்ட கரண்டி எதுவும் கூடாது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாது" என்று பிள்ளைகளுக்கு ஊட்டிவிடும் கை நம்முடையதுதான். அம்மாவைக் கேட்டுவிட்டு ஊட்டுங்கள்.