புண்ணாக்குக் கணக்கு

2015, மாசி மாதம். தஞ்சை மாவட்டத்து அரசு கால்நடை மருந்தகம் ஒன்றில் நான்தான் மருத்துவர்.

ஓர் அம்மா ஓட்டி வந்தது கலப்பின ஜெர்சி, இரண்டாம் ஈத்து. மகளிர் குழுக் கடனில் 38,000 ரூபாய்க்கு வாங்கியது. "ஒம்போது லிட்டர் கறந்த மாடு சார், அஞ்சுக்கு எறங்கிடுச்சு. எளைச்சுகிட்டே போவுது" என்றார். கண் இமையைப் புரட்டினேன். வெளுத்திருந்தது. தாடைக்கு அடியில் பை போல நீர் தொங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. எங்கே மேய்கிறது என்று கேட்டேன். அறுப்பு முடிந்ததும் வாய்க்கால் கரையில் என்றார்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? ஈரல் தட்டைப்புழு என்று கல்லூரி மாணவன்கூடச் சந்தேகப்படுவான். என் உதவியாளரும் சந்தேகப்பட்டார். "சாணி பாத்துடலாமா சார்?" என்றார். கூட்டம் நின்றது. அவர் சொல்லி நான் செய்வதா என்று தோன்றியது. அந்த ஒரு நினைப்புதான். வேலைப்பளு என்று பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். சாணியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, படிய வைத்து நுண்ணோக்கியில் பார்க்க அரை மணி நேரம் போதும். நுண்ணோக்கி உறை கழற்றாமல் இருந்தது.

"புரதம் பத்தலை" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கிறீங்களா, வித்துடுறீங்களா?" என்று எல்லார் முன்னும் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஃபென்பெண்டசோல் மாத்திரை எழுதினேன். அது உருண்டைப் புழுவுக்கான மருந்து. தட்டைப்புழுவை அசைக்காது. தட்டைப்புழுவுக்கான ஆக்சிக்ளோசனைடு என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. இலவசம்.

அவர் கடன் வாங்கிப் புண்ணாக்கு போட்டார், 3,000 ரூபாய்க்கு. பால் ஏறவில்லை. சொசைட்டியில் அப்போது லிட்டருக்கு 25 ரூபாய் சொச்சம். நாளுக்கு நாலு லிட்டர் குறைந்தால் 100 ரூபாய். எழுபது நாளில் 7,000. கடைசியில் அடிமாட்டு விலைக்கு, 11,000 ரூபாய்க்கு, வியாபாரி ஓட்டிப் போனார். மாட்டில் மட்டும் நட்டம் 27,000. தவணை மிச்சமிருந்தது.

வைகாசியில் அந்த அம்மாவின் தெருவில் ஒரு பசு செத்தது. பிரேதப் பரிசோதனைக்குப் போனேன். ஈரலில் கத்தி வைத்தேன். தடித்துப்போன பித்தக் குழாய்களிலிருந்து இலை இலையாகப் புழுக்கள் வழிந்தன. சில சுண்டுவிரல் நீளம். சாணத்தோடு முட்டை தண்ணீருக்குப் போய், நத்தைக்குள் வளர்ந்து, கரைப் புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டின் வயிற்றுக்குள் வந்தவை. என் கை நடுங்கியது. செத்த பசுவுக்காக இல்லை.

அன்றே தெரு முழுக்கச் சாணி எடுத்தேன். 11 மாட்டில் எட்டுக்கு முட்டை இருந்தது. எல்லாவற்றுக்கும் ஆக்சிக்ளோசனைடு ஊற்றினேன். வளர்ந்த புழுவைத்தான் அது கொல்லும், குஞ்சுகள் தப்பிவிடும் என்பதால் இரண்டு மாதம் கழித்து மறுபடி ஊற்றினேன். அப்படி ஓர் அக்கறை! என்ன நோய் என்று யாரிடமும் சொல்லவில்லை. வழக்கமான பூச்சி மருந்து என்றேன். பெயரைச் சொன்னால் அந்த அம்மாவின் மாட்டுப் பேச்சு வருமே என்ற பயம். கரையில் மேய விடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் அதனால் என் வாய்க்குள்ளேயே நின்றது. அடுத்த தையில் அதே கரையில் அதே மாடுகள் மேய்ந்தன.

மாற்றலாகிப் போகும் முன் அந்த அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். நூறு நாள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். வணக்கம் வைத்தார். கொஞ்சம் தயங்கி, "சார், அன்னிக்கு நீங்க கேட்டது சரிதானோ? மொத மாசம் புண்ணாக்கு கொறச்சுத்தான் போட்டேன். அதான் மாடு போச்சோ?" என்றார்.

"விடுங்கம்மா, நடந்தது நடந்து போச்சு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.