வெளுத்தாலும் போகாத குறி



நான் இறுதியாண்டு மின்னணுவியல் மாணவி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா துணி வெளுத்து இஸ்திரி போடுகிறவர். இதை மூன்று வருஷமாக இந்தக் கல்லூரியில் யாரிடமும் நான் சொன்னதில்லை. "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டால், "சொந்தமா பிசினஸ்" என்று நழுவிவிடுவேன். இப்போது சொல்ல வைத்தது எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ஐ.சி.

எங்கள் குழுவின் ப்ராஜெக்ட் நாலு ரோடு சந்திப்புக்கான சிக்னல் கட்டுப்பாடு. லேபில் இருந்த ஸ்பார்ட்டன்-6 எப்.பி.ஜி.ஏ. போர்டில் செய்தோம். தினமும் காலையில் ஜேடேக் கேபிளை மாட்டி, கம்ப்யூட்டரிலிருந்து டிசைனை ஏற்றுவோம். சிவப்பு, மஞ்சள், பச்சை அழகாக மாறும். "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்று விட்டுவிட்டோம்.

மாதிரி வைவா அன்று பாதியில் கரண்ட் போயிற்று. திரும்ப வந்தபோது போர்டில் பவர் விளக்கு மட்டும் எரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு. "உன் டிசைன் எங்கம்மா போச்சு?" என்று கேட்டார் ஆசிரியர். "ஒயர் லூஸ் சார்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. ஒயர் மேல ஏன் பழி போடறே?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் லைப்ரரியில் உட்கார்ந்து படித்தேன். முதல் வணிக எப்.பி.ஜி.ஏ.வை 1985-ல் சைலிங்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. எக்ஸ்.சி.2064 என்ற அந்தச் சிப்பில் 64 லாஜிக் பிளாக்குகள். இந்த வகைச் சிப்புகளில் பெரும்பாலானவற்றின் உள்ளமைப்பு எஸ்ரேம் செல்களில்தான் நிற்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் கரண்ட் போனால் எல்லாம் மறந்துபோகும். எங்கள் எக்ஸ்.சி.6.எஸ்.எல்.எக்ஸ்.9 சிப்புக்கு 27,42,528 பிட்டுகள் வேண்டும். பவர் வந்ததும் அவற்றை வெளியில் உள்ள ஃபிளாஷ் மெமரியிலிருந்து சிப் தானே படித்துக்கொள்ளலாம். கடிகாரத் துடிப்பு, தேர்வு, அனுப்பு, வாங்கு என்று நாலே நாலு கம்பி போதும். அந்த ஃபிளாஷ் எங்கள் போர்டிலேயே இருந்தது. நாங்கள்தான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை!

வீட்டுக்குப் போனதும், "என்னம்மா, மூஞ்சி வாடியிருக்கு?" என்றார் அப்பா. அவருக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்குத்தாம்மா எங்கப்பா சேங்கொட்டை வச்சிருந்தாரு. சாக்பீஸ்ல எழுதினா முதல் தண்ணியிலயே போயிடும். சேங்கொட்டைப் பால்ல குறி போட்டா துணி கிழியற வரைக்கும் நிக்கும். அவருக்கு எழுத்துத் தெரியாது. நூறு வீட்டுத் துணியும் மாறாது."

எனக்குச் சுரீரென்றது. கேபிள் வழியாக நான் தினமும் போட்டுக்கொண்டிருந்தது சாக்பீஸ் குறி!

மறுநாள் பிட் ஃபைலை எம்.சி.எஸ். ஃபைலாக மாற்றி ஃபிளாஷில் எழுதினேன். சரிபார்ப்பும் முடிந்தது. மோட் பின்களும் சரி. பவரை நிறுத்திப் போட்டால் 'டன்' விளக்கு எரியவில்லை. மூன்று தடவை எழுதியும் அதே கதை. இந்தத் தடவை ஒயர் மேல் பழி போடவில்லை. லேப் அண்ணனிடம் போய், "அண்ணே, எனக்குத் தெரியலை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஸ்டார்ட்-அப் கிளாக் என்ன வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார். பார்த்தால் ஜேடேக் கிளாக்! பிட்டுகள் முழுக்க உள்ளே வந்தும், கடைசியில் விழித்துக்கொள்ள வேண்டிய துடிப்பு கேபிளிலிருந்து வரும் என்று சிப் காத்துக்கொண்டே நின்றிருக்கிறது. கேபிளோ சும்மா கிடக்கிறது. அதைச் சி.சி.எல்.கே. என்று மாற்றி, புதிதாக பிட் ஃபைல் எடுத்து எழுதினேன். பவர் போட்டு ஒன்றரை வினாடி இருக்கும். 'டன்' எரிந்தது, சிவப்பு விளக்கும் வந்தது. கேபிளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பத்துத் தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தேன்.

இறுதி வைவாவில் அதே ஆசிரியர் தாமே சுவிட்சை அணைத்துப் போட்டார். விளக்குகள் வந்தன. "எப்படிம்மா?" என்றார். எஸ்ரேமைச் சாக்பீஸ் என்றும் ஃபிளாஷைச் சேங்கொட்டைக் குறி என்றும் சொல்லி விளக்கினேன். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "எங்கப்பா துணி வெளுக்கிறவர் சார்" என்றேன். அறை அமைதியானது. "சரி, சேங்கொட்டைக் குறியை அழிக்க முடியுமா?" என்று மடக்கினார். "முடியாது சார். ஃபிளாஷை அழிச்சு மறுபடி எழுதலாம். அங்கே மட்டும் உதாரணம் ஒத்துவராது" என்றேன். அவர் தலையாட்டி மார்க் ஷீட்டை எடுத்தார்.

தோழர்களே, உங்கள் போர்டில் டிசைன் ஓடினால் உடனே சந்தோஷப்படாதீர்கள். ஒருமுறை சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறது. என்னைப் போல வீட்டுத் தொழிலை மறைத்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், இன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் பேசிப் பாருங்கள்.