நயவுரைக்காரனின் வாக்குமூலம்

கொழும்பில் தமிழ்ப் புத்தகம் வெளியிட்டவர்களில் பலர் என் நயவுரைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் மங்கல விளக்கேற்றி, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை எல்லாம் ஓய்ந்தபின் ஒலிவாங்கிக்கு வருபவன் நான். இத்தனை காலமாக அங்கே நான் செய்துவந்த மோசடி இதுதான்: எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் பற்றி நிறையப் பேசினேன். அவர்கள் எழுதியதைப் பற்றியும் கீறியதைப் பற்றியும் அநேகமாக ஒன்றுமே பேசவில்லை.

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்குவதற்குள் முன்னுரையையும் பின்னட்டையையும் படித்துவிடுவேன். நேரம் மிஞ்சினால் நடுவில் ஒரு கதை. பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், இடம்பெயர்ந்த வருடம், எரிந்துபோன கையெழுத்துப் பிரதி. இவற்றைக் கோத்தால் அரை மணித்தியாலம் ஓடிவிடும். தொண்டை கொஞ்சம் அடைத்தால் கைதட்டல் நிச்சயம். “அந்தக் கதையை ஏன் அந்த இடத்தில் முடித்தார்?” என்று சபையில் ஒருவராவது எழுந்து கேட்டிருந்தால் அகப்பட்டிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

டொமினிக் ஜீவாவைப் பற்றி நான் எழுதியவற்றை எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி, ஜோசப் சலூன், சாதியின் பேரால் பட்ட அவமானம், 1966 இல் தொடங்கிய ‘மல்லிகை’, இதழைக் கையில் சுமந்து விற்ற மனிதர். அத்தனையும் உண்மை, அத்தனையும் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அவர் சிறுகதைக்காரர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற தொகுதி. அந்தக் கதைகளை அவர் எப்படித் தொடங்குகிறார், பேச்சுமொழியை எங்கே ஓடவிட்டு எங்கே இழுத்துப் பிடிக்கிறார் என்று நான் ஒரு பந்தி எழுதியதில்லை. ‘மல்லிகை’ கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு வந்தபின் எனக்கு அது நடந்துபோகிற தூரம். போனேன், இருந்தேன், ஊர்க்கதை கதைத்தேன். வருகிற கதைகளில் எதை வெட்டுகிறீர்கள், எதைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று கேட்கவில்லை. 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது என் அஞ்சலிக் கட்டுரையில் பாதியைச் சலூனே பிடித்துக்கொண்டது.

‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழின் ஆசிரியர் சிவஞானசுந்தரத்துக்கும் இதே கதிதான். அவர் கீறிய கேலிச்சித்திரப் பாத்திரங்களான சவாரித் தம்பரையும் மைனர் மச்சானையும் சொல்லிச் சபையைச் சிரிக்க வைப்பேன். ஒரு மனிதனின் வீம்பை அவர் மூக்கில் காட்டினாரா, வயிற்றில் காட்டினாரா, நிற்கிற கோணத்தில் காட்டினாரா என்று அந்தப் படங்களை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்ததில்லை. பகிடியைப் பிடித்துக்கொண்டு கோட்டைக் கோட்டைவிட்டேன்.

1943 இல் கொழும்பில் உருவான ‘43 குழு’ என்ற கலைஞர் குழுவைப் பற்றியும் பேசியிருக்கிறேன். ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், 1944 இல் காலமானார், அவருடைய நெகட்டிவ்கள் அவருக்குப் பிறகு அழிக்கப்பட்டன என்று உருகுவேன். படத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே சற்று வெளிச்சம் காட்டி, கறுப்பும் வெள்ளையும் இடம்மாறி உருவத்தின் விளிம்பில் ஒரு கோடு எழச் செய்யும் ‘சோலரைசேஷன்’ முறையை அவர் இருட்டறையில் கையாண்டதைச் சொன்னதில்லை. அதே குழுவின் ஓவியர் மஞ்சுசிறி துறவியாக இருந்த காலத்தில் விகாரைச் சுவரோவியங்களைப் பிரதிசெய்து கை பழகியவர். அதையும் சொன்னதில்லை. இவையெல்லாம் நான் படித்த புத்தகங்களிலேயே இருந்தன. சபைக்குச் சலிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. தெரியாதென்று காட்டிக்கொள்ள வெட்கம்.

அந்த வெட்கத்தின் விலை பிறகுதான் தெரிந்தது. கொட்டாஞ்சேனையில் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் கீறிய ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் வீட்டு விறாந்தையில் எத்தனையோ பின்னேரங்கள் இருந்திருக்கிறேன். நான் அரசியல் கதைப்பேன், அவர் குனிந்தபடி கீறிக்கொண்டிருப்பார். அவர் போனபின் ஓவியம் படிக்கிற பிள்ளை ஒருவன் என்னைத் தேடி வந்தான். “சேர், அவர் நிப்பாலயோ தூரிகையாலயோ கீறினவர்? முதல் பென்சிலால கீறிப்போட்டுத்தான் மை போடுறவரோ?” எனக்குத் தெரியவில்லை. “அவர் பிறவிக் கலைஞர், தம்பி” என்றேன். ஒரு மனிதன் ஆயுள் முழுக்கப் பட்ட பிரயாசையை இரண்டு சொல்லில் துடைத்தெறிந்த பேச்சு அது. மூலப் படங்களோ அச்சகங்களோடு போய்விட்டன. பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான், நானும் பார்க்கவில்லை.

போரும் எனக்கு வசதியாகிப்போனது. ஓவியர் மாற்குவின் படைப்புகள் பல இடப்பெயர்வில் தொலைந்தன. தொலைந்ததைப் பற்றி எழுதினேன். அவர் எப்படிக் கற்பித்தார் என்று அவருடைய மாணவர்களிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஓவியர் சனாதனன் 2011 இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலில், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தருகிறார்கள். அது கட்டட வரைபடமாகிறது, அதனோடு ஓவியரின் படமும் சேர்கிறது. அங்கே செய்முறைதான் துயரத்தைச் சொல்கிறது. அதைப் பற்றிப் பேசும்போதுகூட நான் செய்முறையை ஒரே வசனத்தில் தாண்டிக் கண்ணீருக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. வேலையைப் பற்றிப் பேசினால் குறையையும் சொல்லவேண்டி வரும். குறை சொன்னால் பொன்னாடை கிடைக்காது, அடுத்த மேடைக்கு அழைப்பும் வராது. பட்ட கஷ்டத்தைப் புகழ்ந்தால் எவருக்கும் கோபம் வராது.

ஆகையால் இளையவர்களுக்குச் சொல்கிறேன். எழுதுகிற, கீறுகிற முதியவர்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பேனை, எந்தத் தாள், எதை எத்தனை தரம் திருத்தினீர்கள், எதைக் கிழித்துப் போட்டீர்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தை எழுத என்னைப் போன்றவர்கள் தாராளமாக இருக்கிறோம்.